வீட்டுப் பத்திரத்தை நீட்டுவதற்கு முன்

போன மார்கழியில் துறையூர்ப் பக்கமிருந்து ஓர் அப்பாவும் மகளும் என்னைப் பார்க்க வந்தார்கள். அப்பா மஞ்சப்பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். வீட்டின் மூலப்பத்திரம், பட்டா நகல், 30 வருட வில்லங்கச் சான்று. மகள் கையில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆஃபர் லெட்டர் இருந்தது. எம்.ஏ. சர்வதேச உறவுகள், ஒரு வருடப் படிப்பு, கட்டணம் 22,000 பவுண்டு.

"பாப்பா ஐ.எஃப்.எஸ். ஆகணும்னு நிக்குது சார். இதைப் படிச்சாத்தான் அதுக்குப் போக முடியும்னு ஏஜென்ட் சொல்றார். எந்த பேங்க்ல லோன் சுலபமா கிடைக்கும், சொல்லுங்க."

வங்கியில் கல்விக்கடன் பிரிவில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது திருச்சியில் நிதி ஆலோசகராக இருக்கிறேன். அந்த ஏஜென்ட் சொன்ன வாக்கியத்தை இதே வடிவில் நிறையப் பெற்றோர் வாயால் கேட்டுவிட்டேன். அது உண்மை இல்லை.

ஐ.எஃப்.எஸ். எனும் இந்திய வெளியுறவுப் பணிக்கு ஆள் எடுப்பது யு.பி.எஸ்.சி. நடத்தும் சிவில் சர்வீஸ் தேர்வு வழியாக. அதை எழுத ஏதாவது ஒரு இளங்கலைப் பட்டம் போதும். வெளிநாட்டு எம்.ஏ.வுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகத் தரமாட்டார்கள். வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சர்வதேச உறவுகளில் டாக்டர் பட்டம் வாங்கியவர்தான், ஆனால் அதை வாங்கியது டெல்லி ஜே.என்.யூ.வில். வெளியுறவுச் செயலாளராக இருந்த நிருபமா ராவ் படித்தது ஆங்கில இலக்கியம். அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த விருப்பப்பாடம் மெயின் தேர்வில் 500 மதிப்பெண்ணுக்கு இருப்பதால், இந்தத் துறையில் படித்த பிள்ளைக்கு அங்கே கை கொடுக்கும். உள்ளூரில் படித்திருந்தாலும் அதே கைதான்.

இனி கடன் கணக்கு. கட்டணம், விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து 35 லட்சத்தைத் தாண்டும். அதில் 30 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் ஒரு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பார்கள். ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த இரண்டு வருட வட்டியையும் கட்டாமல் விட்டால் கடன் ஏறத்தாழ 36 லட்சமாக நிற்கும். 10 வருடத்தில் அடைப்பதென்றால் மாதத் தவணை சுமார் 47,500 ரூபாய். 15 வருடம் என்றால் 38,700 ரூபாய். அப்போது மொத்தமாகக் கட்டியிருப்பது 70 லட்சத்தை நெருங்கும். கல்விக்கடனுக்கு வருமான வரிச் சலுகை உண்டு என்று ஆறுதல் சொல்வார்கள். அது வட்டிக்கு மட்டும், எட்டு வருடத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

இந்தத் துறையில் படித்துவிட்டு ஆய்வு நிறுவனங்களிலும் தொண்டு நிறுவனங்களிலும் சேர்ந்த பிள்ளைகள் என்னிடம் காட்டிய சம்பளச் சீட்டுகளில் ஆரம்பச் சம்பளம் 30,000 முதல் 45,000 வரைதான் இருந்தது. சம்பளம் மொத்தமும் தவணைக்கே போய்விடும்.

"அங்கேயே வேலை தேடிக்கிறேன் சார்" என்றாள் அந்தப் பெண். தேடலாம். ஆனால் இங்கிலாந்தில் படித்து முடித்தபின் இரண்டு வருடம் தங்கலாம் என்றிருந்ததை, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். 2026 செப்டம்பரில் சேர்ந்தால் அவள் அந்த 18 மாதக் கணக்கில்தான் வருவாள். அதற்குப் பிறகு வேலை விசாவுக்கு மாற வேண்டுமானால் நிறுவனம் ஸ்பான்சர் செய்ய வேண்டும். அதற்கான வழக்கமான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, புதிதாகப் படித்து முடித்தவர்களுக்கு 33,400. அமெரிக்காவிலும் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் வரை கிடைக்கும் ஓ.பி.டி., அதாவது படித்து முடித்தபின் வேலை பார்க்கும் அனுமதி, இந்தப் படிப்புக்குப் பொதுவாக ஒரு வருடத்தோடு முடிந்துவிடும்.

ஐ.நா. சபை என்று கனவு காணும் பிள்ளைகளும் உண்டு. கனவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஐ.நா. செயலகத்தில் இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. ஜெனிவாவில் அறை வாடகையை வீட்டிலிருந்துதான் அனுப்ப வேண்டும். 2025இல் ஐ.நா. பணத் தட்டுப்பாட்டில் பதவிகளைக் குறைக்க ஆரம்பித்தது. அதே வருடம் ஜூலையில் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது. அந்தப் பணத்தை நம்பி நடந்த தொண்டு நிறுவனங்களின் வேலைகளும் அதோடு போயின.

என் மனதை இன்னும் உறுத்தும் ஒரு கடன் உண்டு. 2021இல் நானே பரிந்துரைத்து அனுப்பியது. இதே படிப்பு, 28 லட்சம், அடமானம் பூர்வீக வீடு. பையன் நன்றாகத்தான் படித்தான். திரும்பி வந்து சென்னையில் 35,000 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தான். ரிட்டயர்டு ஆசிரியரான அவன் அப்பா ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி பென்ஷனிலிருந்து எடுத்துத் தவணை கட்டினார். ஒருநாள் கவுன்டரில் நின்றபடி, "கண்புரை ஆபரேஷனை அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்" என்றார். தாள்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த நான், அந்தப் பையனிடம் எதிர்பார்க்கும் சம்பளத்தைக் கேட்கவே இல்லை. இப்போது யார் வந்தாலும் முதல் கேள்வி அதுதான்.

படிப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்தோம். ஐரோப்பாவின் கார்பன் வரி, பிரிட்டனோடு 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம் இவற்றையெல்லாம் படித்துப் புரிந்து முதலாளிக்கு விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பட்டத்தோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: ஜப்பானியமோ சீனமோ அரபியோ ஒரு மொழி, அல்லது புள்ளிவிவரம், அல்லது சுங்கச் சட்டம். சம்பளத்தை உயர்த்துவது அந்த இரண்டாவது திறமைதான் என்பது என் அனுபவம்.

பட்டத்தை மலிவாகவே வாங்கலாம். ஜே.என்.யூ.வில் கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய். விடுதி, மெஸ் செலவு தனி. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இந்தப் படிப்பு உண்டு. இரண்டுக்கும் கியூட் பி.ஜி. எனும் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு மற்றும் வியூகவியல் துறை இருக்கிறது. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சிக்கு மாதம் 37,000 ரூபாய். சிவில் சர்வீஸ்தான் குறி என்றால், நான் முதல்வன் திட்டத்தில் மதிப்பீட்டுத் தேர்வு எழுதித் தேறும் 1,000 பேருக்கு பிரிலிமினரிக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் தருகிறார்கள். வெளிநாட்டில் படித்தே ஆக வேண்டுமென்றால் உதவித்தொகையில் போக வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. பிரிட்டிஷ் அரசின் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் இரண்டு வருட வேலை அனுபவம், அதாவது 2,800 மணி நேரம், கேட்பார்கள்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அப்பா பத்திரத்தைப் பழையபடி மஞ்சப்பைக்குள் வைத்துவிட்டு, புதுச்சேரிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டார். கியூட் விண்ணப்பம் அப்போது திறந்திருந்தது. தளத்தின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது அவள் வாசலில் நின்று திரும்பினாள். "அந்த 2,800 மணி நேரம்... வாரத்துக்கு 35 மணின்னு வெச்சா எத்தனை வாரம் சார்?"

நான் பேனாவை எடுப்பதற்குள் அவளே செல்போனில் வகுத்துவிட்டாள். எண்பது.