நீருக்கடிப் படங்களில் நிறத்தைத் திருத்தும் முன் சிவப்பைப் பாருங்கள்

கடலுக்கடியில் எடுத்த படம் நீலம் பாய்ந்து வந்தால் பலரும் முதலில் அழுத்துவது ‘ஆட்டோ’ பொத்தானைத்தான். மீனுக்கு நிறம் வந்துவிடும்; சுற்றியுள்ள தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விடும்.

தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு ஒளியை. தெளிந்த நீரிலும் சுமார் 5 மீட்டருக்குள்ளேயே அதில் பெரும்பகுதி போய்விடும். இதில் ஆழத்தை மட்டும் பார்த்தால் போதாது, பொருளிலிருந்து லென்ஸ் வரையுள்ள தூரத்தையும் கூட்ட வேண்டும். 5 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், ஒளி தண்ணீரில் கடந்தது குறைந்தது 8 மீட்டர். அருகிலிருக்கும் பவளத்துக்குப் பொருந்தும் திருத்தம் பின்னாலிருப்பதற்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

ஆகவே திருத்தும் மென்பொருளில் ஸ்லைடரைத் தொடும் முன் ஹிஸ்டோகிராமில் (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) சிவப்புச் சேனலை, அதாவது படத்தின் சிவப்பு ஒளிப் பதிவை மட்டும், பாருங்கள். மேடு இடப்பக்கம் ஒதுங்கியிருந்தாலும் கொஞ்சம் அகலம் இருந்தால் மீட்டுவிடலாம். இடது சுவரோடு ஒட்டிய வெறும் கோடாக இருந்தால் அங்கே தகவலே இல்லை. இழுக்க இழுக்கப் புள்ளி இரைச்சல்தான் வரும். சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒரு சேனலுக்கு 256 ஒளிப் படிகளே உண்டு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ராவ் கோப்பில் 16,384. நீருக்கடியில் ராவில்தான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் அடித்துச் சொல்வது இதற்காகவே.

அடுத்து வெள்ளைச் சமநிலை, அதாவது வெள்ளையும் சாம்பலும் நிறச்சாயல் இல்லாமல் தெரியச் செய்வது. நிறத்தைத் தொட்டு அளக்கும் ஐட்ராப்பர் கருவியை மணலிலோ சாம்பல் அட்டையிலோ வையுங்கள். வெளிச்சம் மிகுந்து படத்தில் வெளுத்துப்போன மணலில் வைத்தால் அளவீடு தவறும். வெள்ளி மீனின் உடலும் வேண்டாம், அது சுற்றியுள்ள நீலத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிக் காட்டும். நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையே நிறத்தை நகர்த்தும் வெப்பநிலை ஸ்லைடர் கடைசிவரை போயும் நீலம் விடவில்லையா? ஒரு சேனலில் இன்னொன்றைக் கலக்கும் சேனல் மிக்ஸரைத் திறந்து, சிவப்பு வெளியீட்டில் பச்சையை 20 முதல் 30 சதவீதம் சேருங்கள். பச்சையிலிருந்து கடன் வாங்கிய இந்தச் சிவப்பு உண்மையானதல்ல. பச்சைப் பாசியும் மஞ்சளாகத் தெரியும். அதனால் ஐந்தைந்து சதவீதமாகவே கூட்டுங்கள்.

இந்தத் திருத்தம் முழுவதும் மாஸ்க் போட்டு, அதாவது படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து, பொருளின்மேல் மட்டும் விழட்டும். பின்னணித் தண்ணீர் நீலமாகவே இருக்கட்டும், அதுதான் அதன் நிறம். மாஸ்க்கின் விளிம்பை அகலமாக மென்மையாக்காவிட்டால் மீனைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் தெரியும். நிற இரைச்சலைக் கடைசியில் குறையுங்கள்.

பவளப்பாறையின் நிலையைப் பதிவு செய்யும் படங்களில் மட்டும் இந்தச் சுதந்திரம் கிடையாது. வெளிச்சத்தைக் கூட்டி நிறச்செறிவைக் குறைத்தால் நலமான பவளமும் வெளிறியதுபோலத் தோன்றும். வெப்பநிலை ஸ்லைடரை மஞ்சள் பக்கம் அதிகம் ஏற்றினால் வெளிறிய பவளத்துக்குப் பழுப்பு வந்துவிடும். பார்ப்பவர் தவறான முடிவுக்கு வருவார். இத்தகைய வேலையில் ஒவ்வொரு ஆழத்திலும் சாம்பல் அட்டையைப் பவளத்தின் பக்கத்திலேயே, அதே தூரத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். அதைக் கொண்டு மட்டும் சமநிலை செய்து, திருத்தாத ராவ் கோப்பையும் ஆழக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.