வெண்குறுமீனை எக்ஸ் கதிரில் எடை போடுவது

ஹைட்ரா விண்மீன் குழுவில், நம்மிடமிருந்து ஏறத்தாழ 186 ஒளியாண்டு தொலைவில், ஈஎக்ஸ் ஹைட்ரே என்று ஓர் இரட்டை விண்மீன் இருக்கிறது. இரட்டை என்றதும் சமமான ஜோடி என்று நினைத்துவிட வேண்டாம். ஒன்று எரிபொருள் தீர்ந்துபோன விண்மீனின் மிச்சம், அதாவது வெண்குறுமீன். அளவில் கிட்டத்தட்ட பூமிதான், எடையோ சூரியனைப் போல 0.79 மடங்கு. மற்றது செங்குறுமீன், அதாவது சூரியனைவிடச் சிறிய, மங்கலான ஒரு சிவப்பு விண்மீன். 98 நிமிடத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும் அளவுக்கு இரண்டும் நெருக்கமாக இருப்பதால், செங்குறுமீனின் வாயு வெண்குறுமீன் பக்கம் வழிந்துகொண்டே இருக்கிறது.

வழியும் வாயு நேராகப் போய் விழாது. தட்டு மாதிரி சுற்றிச் சுற்றித்தான் உள்ளே வரும். வெண்குறுமீனுக்குக் காந்தப்புலம் இருந்தால் அந்தத் தட்டின் உள்பகுதி கலைந்துவிடுகிறது, ஏனென்றால் மின்னூட்டம் பெற்ற வாயுவால் காந்தக் கோடுகளைக் குறுக்கே தாண்ட முடியாது, கோடு போகும் வழியிலேயே போய்த் துருவங்களுக்குப் பக்கத்தில் கொட்டுகிறது. ஏஎம் ஹெர்குலிஸ் என்ற இதே மாதிரியான இன்னொரு இரட்டையில் புலம் சுமார் 1.4 கோடி காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). அங்கே தட்டு உருவாகவே வழியில்லை. ஈஎக்ஸ் ஹைட்ரேயில் புலம் அதைவிட மிகக் குறைவு. அதன் வெண்குறுமீன் 67 நிமிடத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே சுற்ற, எக்ஸ் கதிரும் அதே கணக்கில் கூடிக் குறைகிறது.

சரி, எக்ஸ் கதிர் எங்கிருந்து வருகிறது? விழும் வாயு விநாடிக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் வந்து, தரைக்கு மேலேயே ஓர் அதிர்ச்சி அலையில் முட்டுகிறது. அந்த இடத்தில் வேகம் சட்டென்று நாலில் ஒரு பங்காகிவிடும். இழந்த வேகமெல்லாம் சூடாக மாறி, வெப்பநிலை கோடிக்கணக்கான கெல்வினுக்கு எகிறுகிறது. அவ்வளவு சூட்டில் வாயு எக்ஸ் கதிரைத்தான் உமிழும், உமிழ்ந்தபடியே ஆறி மெல்லத் தரையில் படியும். இரும்பு அணுக்கள் இதற்குச் சாட்சி: பெரும்பாலான எலக்ட்ரான்களை இழந்த சூடான இரும்பு 6.7, 6.97 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் (எக்ஸ் கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) நிறமாலைக் கோடு காட்டும், தரையில் இருக்கும் ஆறிய இரும்பு மேலிருந்து வரும் கதிர் பட்டு 6.4இல் ஒளிரும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். கிணற்றில் கல்லைப் போட்டுச் சத்தத்தை வைத்து ஆழம் சொல்வதில்லையா, அந்தக் கதைதான் இதுவும்: வாயு எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்தால், எவ்வளவு ஆழமான ஈர்ப்பில் விழுந்தது என்று தெரியும், அதிலிருந்து எடை வந்துவிடும். அதிலும் வெண்குறுமீனுக்கு ஒரு விசித்திர குணம் உண்டு, எடை கூடக்கூட அது சுருங்கும். அதனால் எடையில் சின்ன வித்தியாசம் இருந்தாலும் வெப்பநிலை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். (எடை 1.4 சூரியனை நெருங்கினால் என்ன ஆகும் என்பது நம்ம சந்திரசேகர் போட்ட கணக்கு. அவர் பெயரில்தான் 1999 முதல் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கி சுற்றிக்கொண்டிருக்கிறது.)

ஆனால் ஈஎக்ஸ் ஹைட்ரே இந்தத் தராசை ஏமாற்றியது. எக்ஸ் கதிர் வெப்பநிலையை வைத்துப் பார்த்தால் எடை சூரியனில் பாதி அளவுதான் வந்தது, சுற்றுப்பாதையை வைத்துப் பார்த்தால் அந்த 0.79. தப்பு எங்கே என்றால், வாயு முடிவில்லாத தொலைவிலிருந்து விழுகிறது என்று கணக்கில் வைத்துக்கொண்டதில். இங்கே புலம் பலவீனம், அதனால் தட்டு வெண்குறுமீனுக்கு வெகு அருகே வரை நீள்கிறது. அந்த உள்விளிம்பிலிருந்துதான் வாயு விழ ஆரம்பிக்கிறது, முழு வேகம் எடுக்க இடமே இல்லை. போதாக்குறைக்கு அதிர்ச்சி அலையும் தரைக்கு நன்றாக மேலேயே நிற்கிறது. நாசாவின் ஐக்ஸ்பி (IXPE) விண்வெளித் தொலைநோக்கி எக்ஸ் கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அலை எந்தத் திசையில் அதிர்கிறது என்பதை, அளந்தபோது, சூடான வாயுத்தூண் சுமார் 3,200 கிலோமீட்டர் உயரம் என்று தெரிந்தது, வெண்குறுமீனின் ஆரத்தில் கிட்டத்தட்டப் பாதி. விழும் தூரத்தைத் திருத்திப் போட்ட எக்ஸ் கதிர்க் கணக்கில் எடை 0.7ஐத் தாண்டிவிட்டது.