த்ராம்பெக்டமின்னா 'கட்டி ஆபரேஷன்' இல்லைங்க

இதய பைபாஸ் குழாய்ல உறைஞ்சு அடைச்ச ரத்தத்தை வெளிய எடுக்குற சிகிச்சைதான் த்ராம்பெக்டமி. அதைத் தமிழ்ல "பைபாஸ் குழாயில் ரத்தக்கட்டி அறுவை சிகிச்சை"ன்னு எழுதுறதை எத்தனை தடவைதான் படிக்கிறது. கட்டின்னு பார்த்ததும் வீட்ல இருக்கிறவங்க 'கேன்சரா டாக்டர்'னுதான் கேப்பாங்க.

சொல் கிரேக்கம். த்ராம்போஸ்னா திரண்டு உறைஞ்சது, பால் திரிஞ்ச திரளுக்கும் அதே பேருதான். எக்டமின்னா வெட்டி வெளிய எடுக்குறது. நமக்கு பாலுக்கு உறை ஊத்துற 'உறை' இருக்கே, அதனால த்ராம்பஸ்னா உறைவு, முடிஞ்சது.

பிரச்சனை அடுத்த பாதியில. சிலர் மூலத்துல வெட்டு இருக்குன்னு 'உறைவறுவை'ங்கிறாங்க, ஆனா இங்க கத்தியே கிடையாது, தொடையிலயோ கையிலயோ இருக்குற தமனி வழியா கதீட்டர்ங்கிற மெல்லிய குழாயை விட்டு உறிஞ்சி எடுக்குறாங்க, இல்ல உப்புநீரைப் பீய்ச்சி உடைச்சு இழுக்குறாங்க. இன்னொரு கோஷ்டி 'உறைநீக்கம்'. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா கையுறையும் உறைதானே? அதுலயும் இந்த சிகிச்சை நடக்குற கேத் லேப்ல ஷீத்னு நிஜமாவே ஒரு உறை ரத்தக்குழாய்ல சொருகியிருக்கும், கடைசில அதை உருவுவாங்க, உறைநீக்கம்னா எதை நீக்குனாங்கன்னு நர்ஸே குழம்பிடுவாங்க. போதாததுக்கு மருந்து போட்டுக் கரைக்கிறதும் நீக்கம்தானே. அதனால என் ஓட்டு: எடுத்தா 'உறைவு அகற்றல்', கரைச்சா 'உறைவு கரைப்பு'. தனித்தமிழ் வேணும்தான், புரியாத தனித்தமிழ் வேண்டாம்.

இதைவிட மோசம் எம்பாலிசத்தை, அதாவது உடைஞ்ச துண்டு ரத்தத்தோட ஓடிப்போய் வேற இடத்துல அடைக்கிறதை, 'மறு உறைவு'ன்னு எழுதுறது. பைபாஸுக்காகக் கால்ல இருந்து எடுத்து வச்ச சிரைக் குழாய் பழசாகி, உள்ள ஸ்டென்ட்ங்கிற வலைக்குழாய் வச்சு, அதுலயும் உறைவு சேர்ந்துட்டா, உள்ள இருக்குறதெல்லாம் பொலபொலன்னு உதிர்ற சரக்கு. தொட்டா சிதறி கீழ ஓடி நுண்குழாய்கள்ல அடைச்சுக்கும், பெரிய குழாய் திறந்திருந்தும் ரத்தம் ஓடாது. புதுசா எதுவும் உறையலை சார்! எம்போலஸ்னா அடைக்கிற ஆப்பு, 'தக்கையடைப்பு'ன்னா கச்சிதமாப் பொருந்துது. இப்படிச் சிதறுறதைப் பிடிக்க கீழ்ப்பக்கம் பலூன் வச்சுப் பார்த்த சேஃபர் ஆய்வுல (2002) 30 நாள்ல வர்ற பெரிய பாதிப்பு 16.5 சதவீதத்துல இருந்து 9.6 ஆச்சு. 'மறு உறைவு'ன்னு படிச்சவருக்கு அந்த பலூன் எதுக்குன்னே புரியாது.

கதீட்டர் நுனி ஸ்டென்ட் வலையில மாட்டிக்கிறது, குழாய்ல ஓட்டை விழறது, இதையெல்லாம் 'பக்கவிளைவு'ன்னு போடுறாங்க பாருங்க, அதுவும் தப்பு. அது சிக்கல். மாத்திரை போட்டா வர்ற வயித்தெரிச்சலும் இதுவும் ஒண்ணா? ஒப்புதல் படிவத்துல கையெழுத்துப் போடப்போறவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேணாமா?