நரம்பு: ஒரு சொல், நான்கு உறுப்புகள்

கட்டை விரலின் நுனியையும் சுண்டு விரலின் நுனியையும் ஒன்று சேர்த்து, கையை மணிக்கட்டில் சற்றே உள்நோக்கி மடக்கினால், மணிக்கட்டின் நடுவில் கயிறு போன்ற ஒன்று புடைத்து எழும். அதன் அருகே தோலுக்கு அடியில் நீல நிறக் கோடுகள் ஓடுவதைக் காணலாம். கட்டை விரல் பக்கமாக விரல்களை வைத்து அழுத்தினால் துடிப்பை உணரலாம். இவை மூன்றையும் நம் பேச்சுவழக்கு நரம்பு என்றே சொல்கிறது. உடற்கூற்றியலோ முதலாவதைத் தசைநாண் என்றும், இரண்டாவதைச் சிரை என்றும், மூன்றாவதைத் தமனி என்றும் பிரிக்கிறது. அந்த இயல் நரம்பு என்று சொல்லும் நான்காவது உறுப்பு, புடைத்து எழுந்த அந்தத் தசைநாணுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளங்கையை நோக்கிச் செல்கிறது. அந்த மேல்தசைநாண் சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை என்பதையும், அதனால் கைக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

நான்கு வேறு உறுப்புகளுக்கு ஒரே பெயர் வந்ததை மக்களின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. நரம்பு என்னும் சொல்லின் பழைய பொருளே அகன்றது. கன்னடத்தில் நர, தெலுங்கில் நரமு, மலையாளத்தில் ஞரம்பு என்று உறவுச் சொற்களைக் கொண்ட இத்திராவிடச் சொல், இழுத்துக் கட்டிய இழை போல நீண்டு கிடக்கும் எதையும் குறித்தது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஒரு முதியவளை ‘நரம்பெழுந் துலறிய நிரம்பா மென்றோள்’ உடையவளாகக் காட்டுகிறார். வற்றிய தோளில் புடைத்துத் தெரிந்தவை இன்றைய பொருளிலான நரம்புகளாக இருக்க வழியில்லை. அவை சிரைகளாகவோ தசைநாண்களாகவோதான் இருந்திருக்கும். உடலுக்கு வெளியில் யாழின் தந்தியும் நரம்பு எனப்பட்டது. தொல்காப்பியம் யாழ்நூலை ‘நரம்பின் மறை’ என்று குறிக்கிறது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு இசைகளுக்கும்கூட நரம்பு என்னும் பெயரே வழங்கியது. இணை நரம்பு, கிளை நரம்பு, பகை நரம்பு என்று அவற்றின் உறவுகளையும் வகுத்தார்கள். இலையில் கிளைத்து ஓடும் கோடுகளை இன்றும் நரம்பு என்கிறோம். தாவரவியல் பாடநூல்கள் அவற்றின் ஒழுங்கை நரம்பமைவு என்கின்றன.

இதே பாதையில் கிரேக்கச் சொல் ஒன்றும் நடந்து வந்திருக்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. இன்று உலகெங்கும் வழங்கும் நியூரான், நியூராலஜி ஆகிய சொற்களுக்கு அடியாக அமைந்த ‘நியூரோன்’, பழங்கிரேக்கத்தில் முதலில் குறித்தது தசையை எலும்போடு பிணைக்கும் நாணைத்தான். வில்லின் நாணும் இசைக்கருவியின் தந்தியும் அச்சொல்லின் பொருள்களாக இருந்தன. லத்தீனின் ‘நெர்வுஸ்’ என்பதும் அதே பொருளில் தொடங்கியதுதான். ஆங்கிலத்தின் நெர்வ் அதிலிருந்து வந்தது. தமிழ்ச் சொல்லுக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது. ஒலி ஒப்புமையைக் கண்டு ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எழுதுபவர்கள் உண்டு; அது தவறு. கிரேக்கச் சொல்லின் உண்மையான உறவு வடமொழியின் ‘ஸ்நாவன்’, ‘ஸ்நாயு’ ஆகிய சொற்களோடுதான். அந்த ஸ்நாயுவும் வங்காளியில் இன்று நரம்பைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. இந்தியில் நரம்புக்கு ஆக்கிய ‘தந்த்ரிகா’ என்னும் கலைச்சொல்லோ, வீணைத் தந்தியைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இம்மொழிகளிலெல்லாம் உடலுக்குள் இருக்கும் இந்த இழையை மனிதர்கள் ஒரு நாணின் அல்லது தந்தியின் பெயரால்தான் அழைத்திருக்கிறார்கள்.

பொருள் எங்கே பிரிந்தது என்பதை ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடியும். அரிஸ்டாட்டில் நியூரோன்களின் தோற்றுவாய் இதயம் என்று எழுதினார்; அவர் பார்வையில் அவை உடலை இயக்கும் நாண்கள். கிறித்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலெக்சாந்திரியாவில் மனித உடல்களை அறுத்து ஆராய்ந்த ஹீரோபிலசும் அவரை அடுத்து எரசிஸ்திராட்டசும், மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் புறப்படும் வெண்ணிற இழைகள் தசைநாண்களிலிருந்து வேறானவை என்று கண்டார்கள். உணர்ச்சியைக் கொண்டு செல்பவை, அசைவைத் தூண்டுபவை என்ற பிரிவும் அப்போதே தெரிந்துவிட்டது. பின்னர் 2ஆம் நூற்றாண்டில் காலன் (Galen) என்னும் கிரேக்க மருத்துவர், பன்றியின் கழுத்தில் ஓடும் ஒரு மெல்லிய நரம்பைத் துண்டித்தவுடன் அதன் கத்தல் நின்றுவிடுவதைப் பலர் முன்னிலையில் காட்டினார். குரலை இயக்குவது மூளையே என்பதற்கு அது நேரடிச் சான்று. ஆயினும் நரம்பு உள்ளீடற்ற குழாய் என்றும், அதன் வழியே ஏதோ ஒரு நுண்ணிய ஆவி பாய்கிறது என்றும் நிலைத்த நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டு வரை மறையவில்லை. தவளைக் காலில் இத்தாலிய மருத்துவர் கால்வானி செய்த மின்சோதனைகள் 1791இல் அச்சேறிய பிறகே அது ஆட்டம் கண்டது. 1850இல் ஜெர்மன் அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பில் செய்தி செல்லும் வேகத்தை அளந்து காட்டினார். தனி நரம்புச் செல்லுக்கு நியூரான் என்ற பெயரை ஜெர்மன் உடற்கூற்றியலாளர் வால்டயர் சூட்டியது 1891இல். வில்லின் நாணாக இருந்த சொல் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் ஓர் அலகின் பெயராயிற்று.

இன்றைய வரையறை இது: நரம்பு என்பது மூளையையோ தண்டுவடத்தையோ உடலின் பிற பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளின் கற்றை. நரம்புச் செல்லின் நீண்ட நீட்சியான ஆக்சான்களே இந்த இழைகள். அவற்றுள் பலவற்றின் மேல் மயலின் என்னும் கொழுப்புறை சுற்றியிருக்கும். இழைகள் சிறு சிறு கட்டுகளாகவும், அக்கட்டுகள் ஒரு பொது உறைக்குள்ளும் அடங்கியிருப்பதால், வெட்டிப் பார்த்தால் பல கம்பிகளை உள்ளடக்கிய மின்வடம் போலத் தோன்றும். உள்ளே குருதி ஓடும் வழி இல்லை; நரம்புக்கு உணவூட்டும் நுண்ணிய குருதிக்குழல்கள் மட்டுமே அதன் உறைகளில் உண்டு. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் கிளம்புகின்றன. தடித்த மயலின் உறையுள்ள இழைகளில் செய்தி வினாடிக்கு 100 மீட்டருக்கு மேலான வேகத்தில் பாயும். மந்தமான வலியைக் கொண்டு செல்லும் உறையற்ற இழைகளில் அது 1 மீட்டர் அளவுக்குக் குறையும். காலை இடித்துக்கொள்ளும்போது முதலில் சுரீரென்ற குத்தலும் பிறகு மெதுவாகப் பரவும் வலியும் தோன்றுவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

உண்மையான நரம்பைத் தொட்டுணர விரும்புபவர் முழங்கையின் உட்பக்கத்து எலும்பு முனைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தைத் தடவிப் பார்க்கலாம். அங்கே தோலுக்கு மிக அருகில் ஒரு நரம்பு செல்கிறது. கதவிலோ மேசை விளிம்பிலோ அந்த இடம் இடித்தால் கரண்ட் அடித்தது போலச் சுண்டு விரல் வரை விறுவிறுப்பு ஓடுவது அதனால்தான்.

மற்ற மூன்றில், தசைநாண் என்னும் சொல்லைப் பற்றி நான் குறை சொல்ல எதுவும் இல்லை. வில்லின் நாணைக் கொண்டே தசையின் நாணைக் குறித்த அச்சொல், கிரேக்கர் கண்ட அதே உவமையைத் தமிழில் தானாகவே கண்டிருக்கிறது. தமனியும் சிரையும் வடசொற்கள். தமனி, ஊதுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்துக்குத் திருப்பிக் கொணர்வது சிரை என்று திசையை வைத்தே இவற்றை வரையறுக்க வேண்டும். நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று பிரித்தால் நுரையீரலுக்குச் செல்லும் தமனியிலும் அங்கிருந்து வரும் சிரைகளிலும் கணக்கு தலைகீழாகிவிடும். இலங்கைப் பாடநூல்கள் தமனியை நாடி என்றும் சிரையை நாளம் என்றும் சொல்கின்றன. தமிழ்நாட்டில் இரத்த நாளம் என்றால் எந்தக் குருதிக்குழலையும் குறிக்கும் என்பதால், கடல் கடந்து படிக்கும் மாணவர் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். நரம்பு என்ற சொல்லில் மட்டும் இரு கரைக்கும் பிணக்கில்லை: இங்கே நரம்பு மண்டலம் என்பது அங்கே நரம்புத் தொகுதி, இங்கே நரம்புச் செல் என்பது அங்கே நரம்புக் கலம், முன்சொல் மாறவே இல்லை.

ஆகவே நெர்வ் என்பதற்குப் புதுச் சொல் தேட வேண்டிய தேவை இல்லை; நரம்பே அதற்குரிய நல்ல தமிழ்ச் சொல். வேண்டியதெல்லாம், அறிவியலிலும் மருத்துவத்திலும் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை கொடுக்காமல் இருப்பது. இது வெறும் சொல்நயம் பற்றிய கவலை அன்று. காலில் நீலமாகச் சுருண்டு தடிக்கும் சிரைகளை நரம்புச் சுருட்டல் என்று அழைப்பதால், அதை நரம்பு நோய் என்று எண்ணி நரம்பியல் மருத்துவரைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டியது குருதிக்குழல் அறுவை மருத்துவரை. அதைச் சுருள் சிரை என்பதே சரி. ‘நரம்பில் ஊசி போடப் போகிறோம்’ என்று கேட்டு நடுங்கும் நோயாளியிடம் ‘இரத்தக் குழாயில்’ என்று ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் பாதி அச்சம் தணியும். ஊசி நரம்பில் படாமல் பார்த்துக்கொள்வதுதான் உண்மையில் செவிலியரின் கவனமெல்லாம். கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை நரம்பு இழுத்துக்கொண்டது என்கிறோம். அங்கே இறுகியது தசை. நரம்புத் தளர்ச்சி என்று சுவர் விளம்பரங்கள் மிரட்டும் பெயரும் ஒரு திட்டமான நோயைக் குறிப்பதில்லை. அமெரிக்க மருத்துவர் பியர்ட் 1869இல் எழுதிப் பரப்பிய நியூரஸ்தீனியா என்னும் சொல்லுக்கும் நேர்ப்பொருள் நரம்பின் வலுவின்மைதான்; அந்தப் பெயரும் மருத்துவ வழக்கிலிருந்து பெரும்பாலும் விலகிவிட்டது. நீரிழிவு முற்றிப் பாதங்கள் மரத்துப்போவதோ மெய்யான நரம்புச் சிதைவு. பெயர்கள் குழம்பிக் கிடக்கும்போது அது கவனிக்கப்படாமல் போகிறது.

மொழிபெயர்ப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இன்னும் ஒன்று உண்டு. நியூரோ என்று தொடங்கும் சொற்களில் நரம்பு என்று பெயர்த்துக்கொண்டே போனால் பெரும்பாலும் சரியாகவே அமையும்: நரம்பியல், நரம்பணு, நரம்பழற்சி. ஆனால் வயிற்றுச் சுவரிலும் உள்ளங்கையிலும் தாள் போல விரிந்து கிடக்கும் வெண்ணிற உறைக்கு அப்போநியூரோசிஸ் என்று பெயர். நியூரோன் என்பது இன்னும் தசைநாணைக் குறித்த காலத்தின் பழம்பொருள் அந்தப் பெயரில் உறைந்து நின்றுவிட்டது. அதைத் தமிழில் தசைநாண் விரிப்பு என்றே எழுத வேண்டும். பெயரில் நியூரோ இருப்பினும் அது நரம்பால் ஆனதன்று.