வார்டில் பார்க்கின்சன் மருந்து: நேரத்தை எழுதச் சொல்லிக் கேளுங்கள்

பார்க்கின்சன் நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த நோய்க்காக வார்டில் சேருவதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருக்கும், டிங்கி வந்திருக்கும், சிறுநீர்த் தொற்றாக இருக்கும். எலும்பு வார்டிலோ பொது வார்டிலோ படுக்கை கிடைக்கும். அங்கே இருப்பவர்களுக்கு இந்த மாத்திரைகளின் அவசரம் அவ்வளவாகத் தெரிந்திருக்காது. அதனால் கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும், அட்மிஷன் அன்றைக்கே குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: மருந்துச் சார்ட்டில் மணி எழுதியிருக்கிறதா?

வீட்டில் ஒருவர் மாடோபாரை (லெவோடோபா என்ற மருந்து உள்ள மாத்திரை) காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6 என்று எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஹவுஸ்மேன் (பயிற்சி டாக்டர்) சார்ட்டில் 'நாளைக்கு நான்கு வேளை' என்று எழுதிவிட்டுப் போகிறார். எழுதியது தப்பில்லை, மருந்தும் அதே, அளவும் அதே. ஆனால் வார்டு அதை மருந்து வண்டி சுற்றிவரும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளும். வண்டி காலை 8 மணிக்குக் கிளம்பி, இவர் படுக்கைக்கு வரும்போது எட்டரை ஆகிவிட்டால், முதல் வேளையே இரண்டரை மணி நேரம் தாமதம். லெவோடோபா ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒன்றரை மணி நேரமே போதும். அதற்குள் கை இறுகிவிடும், குரல் எழும்பாது, முகத்தில் அசைவே இருக்காது. பசியாறத் தட்டை வைத்துவிட்டுப் போனவர், இவர் வேண்டாம் என்கிறார் என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு போவார். புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு இது மறதி நோய் மாதிரிகூடத் தெரியலாம்.

இது அசௌகரியத்தோடு நிற்பதில்லை. விழுங்க முடியாமல் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம், எழுந்தால் விழலாம். மருந்து திடீரென்று முழுதாக நின்றுபோனால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும்.

இங்கிலாந்தில் இதற்காகவே நோயாளர் அமைப்பு 2006-இல் ஒரு பிரசாரம் தொடங்கியது. சிகிச்சைக்கு வழிகாட்டுதல் தரும் அங்குள்ள நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட தர அளவுகோல், ஒவ்வொருவருக்கும் எழுதப்பட்ட நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் லெவோடோபா கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. அது அந்த நாட்டுக்கானது. நம் வார்டில் அதைச் சட்டமாகக் காட்டி வாதாட முடியாது, வாதாடவும் தேவையில்லை. நமக்குப் பிடிமானம் டாக்டர் சார்ட்டில் எழுதும் உத்தரவுதான். '6, 10, 2, 6' என்று எழுதியிருந்தால் அந்த நேரத்துக்குக் கொடுப்பது வார்டின் பொறுப்பாகிவிடுகிறது. அதற்கு முன் எவ்வளவு கெஞ்சினாலும் அது வெறும் கோரிக்கைதான்.

யாரிடம் கேட்பது? முதலில் அட்மிஷன் எழுதும் டாக்டரிடம். அடுத்து வார்டு மருந்தாளர். பலருக்கு இவர் இருப்பதே தெரியாது. அரசு மருத்துவமனைகளில், வீட்டில் என்னென்ன மருந்து எடுத்தீர்கள் என்று விசாரித்துப் பதிவதற்கு மருந்தாளரிடம் சிபி1 என்ற பாரம் இருக்கிறது. அவரைப் பார்க்க வேண்டும் என்று மிஸியிடம் (தாதியிடம்) கேட்டால் போதும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், சாதாரண மாத்திரையா மெதுவாகக் கரைவதா, எத்தனை மணிக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். மலாயில் சொல்வதென்றால் "மிஸி, உபாட் பார்கின்சன் இனி மெஸ்தி இக்குட் மாசா" என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

வீட்டு மருந்தை லேபிளோடு, அதே பெட்டியில் கொண்டுபோங்கள். வார்டில் அந்த வகை கையிருப்பில் இல்லாவிட்டால், மருந்தாளர் சரிபார்த்து அதையே பயன்படுத்த அனுமதிக்கலாம். ஆனால் தலையணைக்கடியில் வைத்துத் தாங்களாகக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஆறு மணிக்குக் கொடுத்தது தெரியாமல் வார்டிலும் எட்டு மணிக்குக் கொடுப்பார்கள், இரட்டை அளவாகிவிடும். வீட்டில் பழகிய இன்னொன்றையும் விடாதீர்கள். புரதம் லெவோடோபா உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் என்பதால், மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் இருப்பது நல்லது. முட்டையும் மைலோவும் வரும் அதே நேரத்தில் வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் 'நாளைக்குப் புவாசா' (எதுவும் சாப்பிடக்கூடாது) என்று சொன்னால், பார்க்கின்சன் மாத்திரைக்கும் சேர்த்தா என்று மயக்க மருந்து டாக்டரிடம் தெளிவாகக் கேளுங்கள். பல நேரங்களில் ஒரு மிடறு தண்ணீரோடு எடுக்க விடுவார்கள். விழுங்கவே முடியாதவருக்கு மூக்குக்குழாய் வழியாகக் கரையும் மாடோபாரோ, தோலில் ஒட்டும் ரோட்டிகோட்டின் மருந்துப் பட்டையோ மாற்று வழியாக இருக்கலாம், முடிவு டாக்டருடையது. மெதுவாகக் கரையும் வகையான மாடோபார் எச்பிஎஸ் கேப்சூலை மட்டும் யாரும் திறந்து கொட்டக்கூடாது.

அப்புறம் வாந்திக்கு மேக்சலான், தலைசுற்றலுக்கு ஸ்டெமெட்டில், இரவில் பிதற்றினால் ஹாலோபெரிடால் என்பது வார்டுகளில் வழக்கமான கை வைத்தியம். இந்த மூன்றும் பார்க்கின்சனை மோசமாக்கும். செலிஜிலின் என்ற பார்க்கின்சன் மாத்திரை எடுப்பவருக்கு வலிக்காகப் பெத்திடின் ஊசி போடுவதும் ஆபத்து. சார்ட்டில் அலர்ஜி எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே இவற்றை எழுதச் சொல்லுங்கள்.

சொல்லியும் நடக்கவில்லை என்றால் வார்டு சிஸ்டர், பிறகு பொறுப்பு ஸ்பெஷலிஸ்ட், அதற்கும் மேல் மருத்துவமனையின் பொதுத் தொடர்புப் பிரிவு. சுகாதார அமைச்சின் சிஸ்பா முறையில் இணையத்திலும் புகார் செய்யலாம். எந்த நாள், எழுதிய நேரம் எது, கொடுத்த நேரம் எது என்று குறித்துவைத்தால் பேச்சு சுருக்கமாக முடியும். தனியார் மருத்துவமனைகளுக்கு 1998-ஆம் ஆண்டின் 586-ஆம் சட்டப்படி நோயாளர் குறைகளைக் கேட்க ஓர் ஏற்பாடு இருந்தாக வேண்டும். கோபப்படாமல் அதைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நோய் முற்றி நடமாட்டம் நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டவர் சமூகநல இலாகாவில் ஓகேயூ (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பார்க்கின்சன் என்ற பெயருக்காக மட்டும் கிடைக்காது, டாக்டர் பாரத்தை நிரப்பி உறுதிசெய்ய வேண்டும். அட்டை இருந்தால் அரசு மருத்துவமனை மூன்றாம் வகுப்பு வார்டில் கட்டணவிலக்கு உண்டு.

வீடு திரும்பும் நாளில் மருந்தகக் கவுண்டரில் பையை வாங்கியதும், லேபிளில் வேளைகளைப் பழைய தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வார்டில் தற்காலிகமாக மாற்றிய அளவு அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிடுவதுண்டு. வித்தியாசம் இருந்தால் அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.