ஏட்ரியம்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஏட்ரியம் என்றதும் இன்று பலருக்கு நினைவுக்கு வருவது, ஷாப்பிங் மால் நடுவே கண்ணாடிக் கூரை வரை ஓங்கி நிற்கும் வெட்டவெளிதான். 1967இல் அட்லாண்டாவில் திறந்த ஹயாத் ரீஜென்சி ஓட்டல் இந்த மோகத்தைக் கிளப்பிவிட்டது. ஆனால் சொல் பிறந்தது இத்தாலியில். பண்டைய ரோமானியர் வீட்டில் வாசல் நடையைத் தாண்டியதும் வரும் பெரிய கூடம்தான் ஏட்ரியம்.

கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரில் இப்படிப்பட்ட கூடங்களை இன்றும் பார்க்கலாம். நாற்புறக் கூரையும் உள்நோக்கிச் சரியும். நடுவில் வானம் தெரிகிற திறப்பு. அது கம்ப்ளூவியம். அதற்கு நேர்கீழே, தரையில் ஆழமில்லாத ஒரு தொட்டி. அது இம்ப்ளூவியம். கூரை விளிம்பில் வைத்த சுடுமண் சிங்கத் தலைகளின் வாய் வழியாக மழை தொட்டியில் கொட்டும். அங்கிருந்து நீர் நிலத்தடிச் சேமிப்புக்குப் போகும். மேலே கிணற்று வாய் போலச் செதுக்கிய கல் வளையம் இருக்கும், வாளி விட்டு மொண்டுகொள்ளலாம். பாம்பேயின் 'ஃபான் வீடு' என்ற மாளிகையில் பல வண்ணக் கல் பதித்த தொட்டி நடுவே வனதேவன் ஒருவன் ஆடிக்கொண்டிருக்கிறான். அது நகல், அசல் வெண்கலச் சிலை நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில்.

சொல்லின் வேர் பற்றி ரோமானியருக்கே ஒருமித்த கருத்து இல்லை. ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ரூஸ்கர்களின் ஆட்ரியா நகரத்திலிருந்து வந்தது என்றார் ரோமானிய அறிஞர் வாரோ. அடுப்புப் புகையில் கூடம் கறுத்துப்போனதால் கருமையைக் குறிக்கும் 'ஆத்தெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றார் உரையாசிரியர் செர்வியுஸ். எனக்குப் பிடித்தது புகைக் கதைதான், ஆனால் பிடித்திருப்பது சான்றாகிவிடாது. பிற்காலத்தில் மருத்துவர்கள் இதயத்தின் மேலறைக்கும் இதே பெயரை வைத்தார்கள்.

சரி, தமிழில்? பலரும் 'முற்றம்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முற்றம் என்றால் வீட்டுக்கு முன்னே உள்ள வெளியும்தான். யாழ்ப்பாணத்தில் அதுவே முதல் பொருள். வீட்டுக்குள் திறந்த நடுவெளி உள்ள வீட்டை அங்கே 'நாற்சார் வீடு' என்பார்கள். வடமொழிப் பற்றுள்ளவர்கள் 'அங்கணம்' என்று போடுகிறார்கள். தமிழில் அந்தச் சொல்லுக்குக் கழிவுநீர் வாடை உண்டு. அமிழ்தத்தை வீணாகக் கொட்டும் இடமாகத்தான் 720ஆம் குறளில் அது வருகிறது.

ஏட்ரியம் வெறும் திறந்த வெளி அல்ல. சுற்றிலும் கூரையுள்ள கூடமும் நடுத் திறப்பும் சேர்ந்த ஒன்று. செட்டிநாட்டு 'வளவு' இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் வட்டார வழக்கு என்பதால் எல்லோருக்கும் புரியாது. கட்டுரைகளில் 'நடுமுற்றக் கூடம்' என்று எழுதலாம். இம்ப்ளூவியத்துக்கு 'மழைத்தொட்டி' போதும்; 'தொட்டிக்கட்டு வீடு' என்ற வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே. வீட்டின் பின்பக்கத்தில் தூண்கள் சூழ்ந்திருக்கும் பெரிஸ்டைலைத் 'தூண்முற்றம்' எனலாம்.

மாலில் இருப்பதை ஏட்ரியம் என்றே விட்டுவிடலாம். அங்கே மழை விழுவதில்லை, தொட்டியும் இல்லை.