பெர் கேப்பிட்டா: தனிநபரா, தலைவீதமா?

ஒரு மாநிலத்தின் மின் நுகர்வை நாட்டின் நிலையோடு ஒப்பிடும் செய்தி எதை எடுத்தாலும் 'பெர் கேப்பிட்டா' வந்துவிடும். தமிழில் அதைத் 'தனிநபர் நுகர்வு' என்று எழுதுகிறோம். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை.

மூலம் லத்தீன். 'கேப்புட்' என்றால் தலை, 'கேப்பிட்டா' அதன் பன்மை. 'பெர்' சேர்ந்தால் 'தலைகளின்படி' என்று பொருள். சொத்துப் பிரிக்கும் சட்டத்தில் இது நெடுநாள் புழங்கிய சொல். வாரிசுகளை எண்ணி ஆளுக்கொரு சம பங்கு கொடுப்பது பெர் கேப்பிட்டா. கிளைவழிக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது பெர் ஸ்டிர்ப்பெஸ். ஆக, தலையை எண்ணி வகுப்பது, அவ்வளவுதான். நமக்கும் இது பழகிய கணக்கு: 'தலைக்கு நூறு ரூபாய் போடுவோம்' என்கிறோமே.

சரி, 'தனிநபர்' என்பதில் என்ன தவறு? அது ஒருவர் தன் வீட்டில் செலவழித்த மின்சாரம் என்று நினைக்க வைக்கிறது. 2023-24இல் இந்தியாவின் அளவு 1,395 யூனிட். மத்திய மின்சார ஆணையம் இதை எப்படிக் கணக்கிடுகிறது? மொத்த உற்பத்தியோடு நிகர இறக்குமதியைக் கூட்டி, மக்கள்தொகையால் வகுக்கிறது. ஆலை, பாசன பம்ப்செட், ரயில் எல்லாம் அதற்குள் அடக்கம். கம்பியில் வீணாகும் மின்சாரமும்கூட! நுகர்வில் வீடுகளின் பங்கு ஏறக்குறைய கால்வாசிதான்.

மாநிலங்களுக்கு வரும்போது குழப்பம் இன்னும் கூடுகிறது. தாத்ரா நகர் ஹவேலி என்ற யூனியன் பிரதேசப் பகுதியின் அளவு நாட்டுச் சராசரியைப் போலப் பல மடங்கு. அங்குள்ளவர்கள் வீட்டில் விளக்கை அணைப்பதே இல்லை என்று பொருளா? மக்கள் குறைவு, தொழிற்சாலைகள் அதிகம், அதனால்தான். உத்தரப் பிரதேசம் இதற்கு நேர் எதிர். மொத்த நுகர்வில் முன்வரிசை மாநிலம், ஆனால் தலைக்கணக்கில் நாட்டுச் சராசரிக்கு வெகு கீழே. குஜராத்தும் தமிழ்நாடும் சராசரிக்கு மேலே நிற்பதில் தொழில்துறைக்குப் பெரும் பங்கு உண்டு.

பாடநூல்களில் வரும் 'தலா வருமானம்' போலத் 'தலா நுகர்வு' என்று சொல்லலாம். 'தலை' என்ற லத்தீன் மூலச்சொல்லின் பொருளுக்கு அது பக்கத்தில் இருக்கிறது. ஆனால் 'தலா இரண்டு லட்சம் நிவாரணம்' என்னும்போது ஒவ்வொருவர் கைக்கும் பணம் உண்மையிலேயே போய்ச் சேர்கிறது. இங்கே அப்படி எதுவும் போய்ச் சேர்வதில்லை, வகுத்து வந்த எண் மட்டுமே உண்டு. அதனால் நான் 'தலைவீத நுகர்வு' என்று எழுதுகிறேன். வீட்டு உபயோகத்தை மட்டும் பிரித்துச் சொல்லும்போது 'தலைவீத வீட்டு நுகர்வு'.